பயணிகள் பட்டியலில் மூன்று பேர்

1

என் மனைவி செல்வியின் முதல் தெவசத்துக்கு நான் கோவில்பட்டி வரவில்லை என்று அங்கே பலருக்கும் மனத்தாங்கல். செல்வியின் அண்ணன் போனில் நேராகவே கேட்டுவிட்டார்.

"என்ன மாப்ள, தெவசத்த விட்டுட்டு மகளக் கூட்டிக்கிட்டு மலையேறப் போறீகளாமே?"

கப்பல் வருது மச்சான், லீவு கிடைக்கல என்று சொல்லி மழுப்பினேன். அந்தமானில் இருப்பவனுக்கு இது ஒரு வசதி. கப்பல் வருது என்று சொல்லிவிட்டால் ஊரில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். இருபத்தாறு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே காரணத்தைச் சொல்லி வந்திருக்கிறேன். பாதி நாள் உண்மையாகவே கப்பல் வந்தது.

இந்த முறை கப்பல் எதுவும் வரவில்லை. தெவசத்தைப் போர்ட் பிளேரிலேயே கோயில் ஐயரை வைத்துச் செய்துவிட்டு, மறுநாள் காலையில் மகள் மதுவோடு ஜீப்பில் வடக்கே கிளம்பினேன். மச்சான் கேட்டது நியாயமான கேள்விதான். போனில் சொல்ல முடியாத பதிலை எழுதிப் பார்க்கிறேன்.

2

நான் போர்ட் பிளேரின் ஹேடோ பகுதியில், துறைமுக வேலைகளுக்கான பண்டகசாலையில் ஸ்டோர் கீப்பர். மெயின்லேண்டிலிருந்து வரும் சிமென்ட், குழாய், பெயின்ட், நட்டு போல்ட்டு எல்லாவற்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு இறக்குவது வேலை. பட்டியலில் பத்து என்று இருந்து ஒன்பது வந்தால், பத்தைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ஒன்பது என்று எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். இதைச் செய்து செய்து எனக்கு வீட்டிலும் பட்டியல் இல்லாமல் கை ஓடாது.

பயணம் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே ஒரு இடத்துக்குப் போவது ஊரில் போல மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற காரியம் இல்லை. வடக்கே போகும் ரோடு ஜராவா மக்களின் காட்டுக்குள்ளே போகிறது. ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையாக நின்று, குறித்த நேரத்தில் போலீஸ் பாதுகாப்போடு ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். வழியில் நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. வண்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர், வயது, விலாசத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஜீப்பையே தூக்கிப் போட்டுக்கொண்டு போகிற ஃபெர்ரி. கடைசியில் டிக்லிபூரைத் தாண்டிப்போய் மலை ஏறுவதற்கு வனத்துறை அனுமதி. ஒவ்வொன்றுக்கும் ஐலண்டர் கார்டு என்கிற தீவுவாசி அடையாள அட்டையின் நகல் வேண்டும்.

நான் எல்லாவற்றையும் வீட்டிலேயே மூன்று பிரதி தயாரித்து ஃபைலில் போட்டு வைத்துவிடுவேன். செக்போஸ்ட்டில் எல்லோரும் பேனா கேட்டு அலையும்போது நான் ஃபைலைத் திறந்து ஒரு தாளை நீட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜங்லிகாட்டில் கடை வைத்திருக்கும் காஜா பாய் என் கர்வத்தை நன்றாக அறிந்தவர். ராமநாதபுரத்துக்காரர், பழைய சிநேகிதர். ஒருமுறை டார்ச், மழைக்கோட்டு, நைலான் கயிறு, குளோரின் மாத்திரை, விசில் என்று அவர் கடையில் வாசித்துக்கொண்டே போனேன்.

"அண்ணே, நீங்க மலைக்குப் போறீகளா, இல்ல அங்கயே குடித்தனம் போறீகளா?" என்றார். செல்வி பக்கத்தில் நின்று வாய் பொத்திச் சிரித்தாள். ஜீப்பும் அவருடையதுதான்.

3

சேடில் பீக் ஏற வேண்டும் என்பது செல்வியின் ஆசை. அந்தமானிலேயே உயரமான மலை அது. எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த வங்காளி அக்கா அங்கே போய்வந்து, உச்சியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, தீவு தெரிகிறது என்று கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள். கரிசல்காட்டில் பிறந்த செல்விக்கு அது மனதில் தங்கிவிட்டது.

"இத்தன வருசமா இங்க கெடக்கோம். எங்க கெடக்கோம்னு ஒரு தடவையாவது மேல நின்னு பாத்துரணும்ங்க" என்பாள்.

இரண்டு முறை கிளம்பினோம். முதல் முறை வங்கக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள், நான் ரத்து செய்தேன். காற்று வேறு பக்கம் எங்கோ போய்விட்டது, இங்கே மூன்று நாளும் வெயில் அடித்தது. இரண்டாம் முறை உண்மையாகவே கப்பல் வந்தது. ஆனால் அன்றைக்கு வேறு ஆளைப் போட்டிருக்கலாம். நான் இல்லாமல் சரக்கு இறங்கினால் சரியாக இருக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன். செல்வி பையைப் பிரித்து அடுக்கினாள்.

மூன்றாம் முறைக்கு மூன்று மாதம் முன்னாலேயே ஏற்பாட்டைத் தொடங்கினேன். மது அப்போது புனேயில் படிப்பை முடிக்கிற நேரம், ஜனவரியில் அவளும் வருவதாகப் பேச்சு. போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர், நடுவில் செங்குத்து ஏற்றம். பழக்கம் இல்லாமல் ஏற முடியாது. ஆகவே தினமும் விடிந்ததும் செல்வியைக் கூட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸிலிருந்து மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிவரை நடந்தேன். நான் முன்னால் போய்த் தொட்டியடியில் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவள் வந்து சேரும் நேரத்தைச் சட்டைப்பை நோட்டில் எழுதுவேன்.

நாள் ஆக ஆக நேரம் குறைய வேண்டும். அவளுக்குக் கூடிக்கொண்டே போனது.

மலைக்குப் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது செல்வி சமையலறையில் விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். இருதய வால்வு ரொம்ப நாளாகவே சுருங்கி வந்திருக்கிறது என்றார் டாக்டர். நல்ல மனிதர், குற்றம் சொல்லும் குரலில் கேட்கவில்லை. படி ஏறும்போது, மேடு ஏறும்போது மூச்சு வாங்கவில்லையா, யாரும் கவனிக்கவில்லையா என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். நோட்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது.

4

அந்த நோட்டை நான் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. டி.வி. பெட்டிக்கு மேல் ஒரு வருடமாகக் கிடந்தது. மதுவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

இதைப் பற்றிக் கோவில்பட்டியில் என்னைக் கேலி பேசாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும், தெருவில் இந்தி, மேல்வீட்டில் வங்காளி, எதிர்வீட்டில் தெலுங்கு. தமிழ் வீட்டுக்குள் வாயோடு நின்றுவிட்டது. ஊருக்கு வரும்போது பஸ் போர்டைப் படிக்கத் தெரியாமல் அவள் நின்றதும், மச்சான் சிரித்ததும் எனக்கு நெடுநாள் வலித்தது. கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வருடா வருடம் நினைத்தேன், அதற்கும் கப்பல் வந்தது.

செல்வி போன பிறகு அதே குறை எனக்கு ஒரு மறைப்பாக உதவியது. என் மகள் அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி வைத்துவிட்டுப் போவதை இரண்டு முறை பார்த்தேன். படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றுவரை கூசுகிறேன்.

அந்த ஒரு வருடத்தில் மது என்னிடம் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு சரி. அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, என் மேல் கோபம் என்று எண்ணினேன். புனேயில் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் பெரிய லீவு கிடையாது, தெவசத்துக்கு வந்துவிட்டுப் போகிறேன் என்றாள். அவள் போவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. அம்மா ஏற நினைத்த மலைக்குப் போவோமா என்று கேட்டேன். சரி என்றாள்.

பழைய பையைப் பரணிலிருந்து இறக்கினேன். போன வருடம் மலைக்கென்று செல்வி கட்டி வைத்தபடியே இருந்தது. பிரித்துப் பார்க்கத் தைரியம் இல்லை, அப்படியே ஜீப்பில் போட்டேன். பழைய ஃபைலையும் எடுத்துப் பட்டியலில் தேதியை மாற்றி, வயதுகளைத் திருத்தி, நகல் எடுத்து அடுக்கினேன்.

5

ஜிர்காடாங்கில் ஒன்பது மணி வரிசைக்கு நின்றோம். எங்களுக்கு முன்னால் கோழித் தீவனம் ஏற்றிய லாரி ஒன்று. கான்ஸ்டபிள் சின்ன வயதுக்காரர், ராஞ்சிக்காரப் பிள்ளை. என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஜீப்புக்குள் குனிந்தார்.

"அங்கிள், தீன் லிக்கா ஹை. தோ ஹீ தோ ஹைன்."

மூன்று எழுதியிருக்கிறது, இரண்டு பேர்தானே இருக்கிறீர்கள் என்கிறார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் வரியில் நான். இரண்டாம் வரியில் த. செல்வி. வயது நாற்பத்தாறு என்று போன வருடம் இருந்ததை அழித்து நாற்பத்தேழு என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான், மிக நேர்த்தியாக இருந்தது. போய்ச் சேர்ந்தவளுக்கு ஒரு வயது ஏற்றியிருக்கிறேன். மூன்று பிரதியிலும் ஏற்றியிருக்கிறேன்.

பெயரை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள் அங்கிள் என்றார் கான்ஸ்டபிள். வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை அது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கை வரவில்லை.

மது எட்டிப் பேனாவை வாங்கினாள். கான்ஸ்டபிளைப் பார்த்து, "மம்மி நஹீ ஆயீ" என்றாள். அம்மா வரவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். மூன்று தாளிலும் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

கேட்டைத் திறந்தார்கள். காட்டுக்குள் நிற்கக் கூடாது என்பதால் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் துடைத்தால் மகள் பார்ப்பாள் என்று துடைக்கவும் இல்லை. முன்னால் போன லாரியின் பின்விளக்கு மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

6

அன்று ரங்கத்தில் தங்கி, மறுநாள் மலைக்குப் பக்கத்தில் இருக்கும் காலிப்பூர் போய்ச் சேர்ந்து, மூன்றாம் நாள் விடிந்ததும் மலைக்குப் புறப்பட்டோம். வழிகாட்டியாக ஜோசஃப் என்பவர் வந்தார். வெற்றிலை போடுகிறவர், அதிகம் பேசாதவர், தமிழ் தெரியாதவர். பத்து மணிக்குள் முதல் ஏற்றத்தைத் தாண்டாதவர்களைத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவேன், இருட்டுவதற்குள் எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

முதலில் கடலோரமாகக் கல்லில் கால் வைத்து வைத்து நடக்க வேண்டும். அப்புறம் ஒரு ஓடை. அதைத் தாண்டினால் ஏற்றம் ஆரம்பிக்கிறது. ஓடைக்கரையில் உட்காரலாம் என்றேன். மேலே போனால் எனக்குப் பேச மூச்சு இருக்காது என்று தெரியும். ஜோசஃப் கொஞ்சம் தள்ளிப் போய் ஒரு வேரில் உட்கார்ந்தார்.

நோட்டை எடுத்தேன். இது அம்மாவுக்கு நான் வைத்த ப்ராக்டீஸ் கணக்கு, உனக்குப் படித்துக் காட்டுகிறேன் என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் கையில் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அந்த வழி எனக்கு இல்லை. நான் எழுதியதை என் வாயாலேயே படிக்க வேண்டியிருந்தது.

முதல் நாள், பத்தொன்பது நிமிடம், நன்று. நாலாம் நாள், இருபத்தொன்று, செருப்பு வார் அறுந்தது. இருபத்திரண்டு, வங்காளி அக்காவோடு பேச்சு. இருபத்துநாலு, கப்பல் பார்க்க நின்றாள். இருபத்தேழு, கப்பல் பார்க்க நின்றாள், துறைமுகத்தில் இன்று கப்பல் இல்லை.

அந்த இடத்தில் நிறுத்தினேன். கப்பல் இல்லை என்பது எனக்கு அன்றே தெரிந்திருக்கிறது. ஹேடோவில் எந்தக் கப்பல் எப்போது கட்டும் என்று என்னைவிடத் தெரிந்தவன் யார்? அதையும் எழுதி வைத்தேனே தவிர, பிறகு எதற்கு நின்றாய் என்று அவளைக் கேட்கவில்லை.

"அடுத்து?" என்றாள் மது.

முப்பத்தொன்று என்று படித்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அங்க இன்னும் ஒரு வேர்ட் இருக்கு. அதைப் படிக்கல நீங்க."

"சோம்பல்" என்றேன்.

"சோம்பல்னா?"

"ஆல்சி" என்றேன். இந்தியில் சொன்னபோது இன்னும் அசிங்கமாக இருந்தது. அம்மாவுக்கு நெஞ்சு நோவு முற்றிக்கொண்டிருந்த நாளில் நான் அப்படி எழுதினேன் என்றேன். டாக்டர் கேட்டபோது தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

அவள் ஓடையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அம்மா எனக்கு போன் பண்ணாங்க அப்போ. மேடு ஏறினா நெஞ்ச அடைக்குதுன்னாங்க. டாக்டர்கிட்ட போங்கன்னு சொன்னேன். மலைக்குப் போயிட்டு வந்து பாத்துக்கறேன், இப்ப அப்பாகிட்ட சொன்னா இதையும் கேன்சல் பண்ணிருவாரு, நீ சொல்லிராதன்னாங்க. நான் சொல்லல. ஒரு போன்தான். பண்ணல."

ஒரு வருடமாக அவள் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. என் மகள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அதே நாட்களில்தான்.

"ஏட்டி, ஒம்மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"இருக்குப்பா" என்றாள். "உங்க மேலயும் இருக்கு."

அவள் ஆறுதலுக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதற்காக அவளை மெச்சினேன், அழவும் செய்தேன். அவள் என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து அழுதாள்.

என் கணுக்காலில் அட்டை ஏறியிருந்ததை அவள்தான் பார்த்தாள். உப்பு இருக்கா என்று பழைய பையைத் திறந்தாள். செல்வியின் பச்சைச் சேலைத் துணியில் முடிச்சாக உப்பு இருந்தது. ஒரு வருட ஈரத்தில் கல்லாக இறுகிப்போயிருந்தது. மது முடிச்சை அவிழ்க்காமல் துணியோடு பாறையில் வைத்துக் கூழாங்கல்லால் தட்டி உடைத்து, ஒரு சிட்டிகை எடுத்து என் காலில் போட்டாள். அட்டை சுருண்டு விழுந்தது. மீதி உப்பை மறுபடி முடிந்து தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஜோசஃப் எழுந்து வந்து வாட்சைக் காட்டினார். பதினொன்று ஆகப்போகிறது, இனிமேல் ஏறக் கூடாது, நாளைக்கு வாருங்கள் என்றார். இத்தனை நாள் ஏற்பாடு, விசில், கயிறு, குளோரின் மாத்திரை எல்லாம் முதுகில் இருந்தன. திரும்பினோம். மறுநாளும் போகவில்லை. தான் இருக்கும் இடத்தை மேலேயிருந்து பார்க்க ஆசைப்பட்டவள் செல்வி, அதை அவளுக்காகப் பார்த்துவிட்டு வருகிற உரிமை எங்களுக்கு இல்லை என்று இரண்டு பேருக்குமே தோன்றியது.

7

இதுதான் மச்சான், தெவசத்துக்கு வராததன் காரணம். உங்கள் தங்கையின் மூச்சு குறைந்ததை நாள்வாரியாக எழுதி வைத்தவன் நான். அங்கே வந்து எல்லோர் முன்னாலும் எள்ளும் தண்ணீரும் விடுவதற்கு முன், இதை அவள் பெற்ற பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த தெவசத்துக்கு வருகிறேன். வரச் சொல்வீர்களா என்று தெரியவில்லை.

மது போய்விட்டாள். விமானம் ஏறும் முன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். படிக்கத் தெரியாதே என்றேன். பரவாயில்லை, எது எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கு என்றாள்.

அவள் போவதற்கு முன்பு, மலையிலிருந்து போர்ட் பிளேர் திரும்பும் வழியில், பாராடாங் பக்கத்து செக்போஸ்ட்டில் மறுபடி பட்டியல் கேட்டார்கள். என் ஃபைலில் அடித்த தாள்கள்தான் இருந்தன, அவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. மது அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, பானெட் மேல் வைத்து எழுதினாள். முதல் வரியில் நான், இரண்டாம் வரியில் அவள். கான்ஸ்டபிள் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், விரல் நீட்டி எண்ணினார்.

"ஏக், தோ. டீக் ஹை" என்றார். சரியாக இருக்கிறது.

வண்டியை எடுத்தேன்.